மிச்சமிருந்த பாதங்கள்

அத்தியாயம் 6

"மாமா, படத்துல ஆளையே காணோம்" என்றார் மாப்பிள்ளை.

காணாமல் போனவர்களைத் தேடத்தான் எங்களை அழைத்திருந்தார்கள். ஆனால் போனவர்கள் உயிருள்ளவர்கள் அல்லர். மரபுக் காப்புச் சங்கத்தின் பக்க அறையில், சுவரில் சாய்த்துத் தரையில் நிறுத்தியிருந்த ஆளுயர எண்ணெய் ஓவியத்தில், சில நாட்கள் மட்டும் தென்பட்டு, திங்கட்கிழமை காலையில் மறைந்துபோன ஒரு பெண்ணும், அவள் விரலைப் பிடித்தபடி நின்ற ஒரு சிறுவனும்.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எரியாத கடைக்கு நெருப்புச் சேதம் கேட்டவர்களையும், உயிரோடு இருக்கும் மாமனாருக்கு இழப்பீடு கேட்டவர்களையும் பார்த்தவன். இதைச் சொன்னால் மாப்பிள்ளை, "அப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லையே மாமா" என்பார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் எதையாவது துப்பறியப் போகும்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு, பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. காரோட்ட ஆள் வேண்டும். வாய் ஓட்டுவது இலவசம்.

சங்கத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. கேட்டு வருகிறவர்களுக்கு அவர்களுடைய வம்சாவளியைத் தேடித் தருவார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து ஊரின் பழைய கதையைப் பாடமாகச் சொல்வார்கள். இடிந்ததையும் மங்கியதையும் பழுதுபார்த்துக் காப்பார்கள். சங்கம் இருக்கும் கட்டடமே முன்பு பள்ளிக்கூடம். ஆறு குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. அவற்றில் எங்களுடையது ஒன்று. சங்கத்தின் தலைவர் என் அண்ணன்.

அந்த ஓவியம், பள்ளிக்கூடத்துக்குக் கல் வைத்த நாளை வரைந்தது. வாசற்படிக்கு ஆறு கல். ஒவ்வொரு வீட்டு மருமகளும் தன் கையால் ஒரு கல் வைக்க வேண்டும் என்பது அன்று அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. படத்தில் ஐந்து கணவர்களுக்குப் பக்கத்தில் ஐந்து மனைவிகள், கையில் கொத்தனாரின் கரணையோடு நிற்கிறார்கள். ஆறாவது ஆள் எங்கள் தாத்தா. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் ஆறாவது கல்லை அவரே வைத்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு தனியாக, நிமிர்ந்து நிற்கிறார். பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். "சிங்கம் தனியாத்தான் நிக்கும்" என்று அப்பா அந்த இடத்தைக் காட்டிச் சொல்வார். நாங்களும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே சொன்னோம்.

பழைய வார்னிஷைத் துடைத்துக்கொண்டே போனபோது, அந்த இடத்தில் மட்டும் வர்ணத்துக்குக் கீழே வேறு வர்ணம் இருந்ததாம். மேலே இருந்ததை நீக்கியதும் ஒரு பெண்ணின் முகம். துடைத்தவள், சங்கத்திலேயே பழுதுபார்க்கும் கலையைப் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பெண். எந்நேரமும் குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருப்பதால் எல்லாருக்கும் அவள் 'பஞ்சு'.

அண்ணன் தன் தரப்பைச் சுருக்கமாகச் சொன்னார். இந்தப் பெண் வேலைக்குச் சேரும் முன்பே வம்சாவளிப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். தன் அம்மாவின் அப்பா எங்கள் தாத்தாவின் பிள்ளை என்றும், அதை விசாரிக்க வேண்டும் என்றும். ஆதாரம் இல்லை என்று சங்கம் திருப்பி அனுப்பியது. "ஆதாரம் இல்லைன்னதும், அவளே ஆதாரத்தை வரைஞ்சுட்டா" என்றார் அண்ணன். வெளியூர் நிபுணர் ஒருவர் படத்தைப் பார்க்க வருகிறார் என்றதும் பயந்து, தான் வரைந்ததைத் தானே பூசி மறைத்துவிட்டாள். மதியம் செயற்குழு கூடி அவளை வேலையிலிருந்து நீக்கும். அதுவரை யாரும் படத்தைத் தொடக்கூடாது.

"நீ பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பாமல் நடந்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த நடைதான்; தடி விழுங்கியதுபோல முதுகு நேராக இருக்கும். குனிந்து நின்ற பரம்பரை அல்ல நாங்கள் என்று அப்பா சொல்வார்.

மாப்பிள்ளை அண்ணன் போவதையே பார்த்தார்.

"கல்யாண ஃபோட்டோ எடுக்கறப்ப, முன்வரிசை கொஞ்சம் குனிங்கன்னு ஃபோட்டோக்காரன் கேட்டுப் பாத்தான் மாமா. உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் குனியல. பின்னால நின்ன என் அப்பா அம்மா இன்னிக்கு வரைக்கும் அந்த ஃபோட்டோவுல இல்ல."

"வேலையைப் பாருங்க மாப்பிள்ளை."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துத் தாத்தாவின் பக்கத்து இடத்தை நின்றபடியே பார்த்தார். தூரத்தில் வெறும் பழுப்பு நிழலாகத் தெரிந்த இடம், கண்ணாடிக்குள் மெல்லிய கோடுகளாகப் பிரிந்தது. முடிகளை அடுக்கினாற்போல எல்லாம் மேலிருந்து கீழாக, நேர்நேராக இருந்தன. அவசரத்தில் பூசி மறைக்கிற ஆள் இவ்வளவு பொறுமையாகக் கோடு போடுவானா என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்கும் அது புரியவில்லை.

பஞ்சு பின்கட்டில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் கேட்பதற்கெல்லாம் கழுவுவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள். படம் கனமானது, மேசை தாங்காது, அதனால் தரையில் நிறுத்தி, தான் ஒரு குட்டைப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்வதாகச் சொன்னாள். அறையின் சாவி அவளிடம் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. அலுவலகச் சாவியைச் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெண்ணின் முகம், தோள், சிறுவன் தலையிலிருந்து கால்வரை, இவ்வளவுதான் அவள் வெளிக்கொண்டு வந்தது. பெண்ணின் வலது கை முழங்கைக்குக் கீழே இன்னும் பழைய பூச்சுக்குள் இருந்ததாம்.

நேராகவே கேட்டேன், நீதான் வரைந்தாயா என்று.

"நான் வரைஞ்சிருந்தா இன்னும் நல்லா வரைஞ்சிருப்பேன் சார்" என்றாள்.

மாப்பிள்ளை இருமிச் சிரிப்பை மறைத்தார். நேர்கோடுகளைப் பற்றி நான் கேட்டதும்தான் அவள் கை நின்றது. அது சங்கத்தின் முதல் பாடம் என்றாள். உதிர்ந்த இடத்தை நிரப்பும்போது தூரத்தில் உறுத்தக்கூடாது. கிட்டத்தில் ஏமாற்றவும் கூடாது. ஆகவே மெல்லிய நேர்கோடுகளாகப் போடவேண்டும். பார்க்கத் தெரிந்தவனுக்கு இது பழையது அல்ல, பின்னால் போட்டது என்று தெரிந்துவிடும். அதுவும் தண்ணீரில் கரையும் வர்ணத்தில்தான் போடவேண்டும். செய்தது தப்பு என்று பின்னால் வருகிறவர்கள் நினைத்தால் துடைத்து எடுத்துவிடலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதே என்பதை முதல் நாள் பலகையில் எழுதிப் போட்டுத்தான் வகுப்பே தொடங்குமாம்.

"யாரு நடத்தற வகுப்பு?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"தலைவர்தான்" என்றாள்.

மறைத்தது சங்கத்தில் பயின்ற கை. தூரிகை பிடித்து நிற்பவள் என் எதிரில். கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது. எங்கள் பெயரைத் தொட வந்தவள் கையோடு பிடிபட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

முன்வாசலுக்கு வந்தோம். படிக்கு வெளியே வெயிலில் குடையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். வயதானவர், நேராக, சிலை மாதிரி நின்றார். பஞ்சுவின் அம்மா. மகளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவர். உள்ளே நிழலில் உட்காரலாமே என்று மாப்பிள்ளை அழைத்தார். வரமாட்டேன் என்று ஒரே சொல்லில் மறுத்தார். நான் யார் என்று அவரே தெரிந்துகொண்டார் போலும். முகம் இன்னும் இறுகியது.

அப்போது காற்றடித்து, குடை அவர் கையிலிருந்து நழுவி எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

அவர் குடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. குனிந்தால் என்ன, கிரீடமா விழுந்துவிடும் என்று நான் அவரைப் பற்றி நினைத்தேன். என்னைப் பற்றி அவர் நினைத்ததும் அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் மாப்பிள்ளை ஓடிவந்து எடுத்து மடக்கி அவர் கையில் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் சேத்துக் குனியத்தான் என்னைப் பெத்து விட்டிருக்காங்க" என்றார்.

அந்த அம்மாளின் முகம் சற்று இளகியது. மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினார்; என்னைப் பார்த்து அல்ல.

"இவளை இங்க சேர வேண்டாம்னு அப்பவே சொன்னேன் தம்பி. எங்கப்பாவை இதே பள்ளிக்கூடத்துல சேக்க அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. இந்தப் படியில நிக்க வச்சு அப்பா பேர் என்னன்னு கேட்டாங்களாம். அவங்கம்மா பதில் சொல்லாம நின்னாங்களாம். அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஊர்ல எங்களுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பின்வாசல் குடும்பம். எங்கப்பா சாகற வரைக்கும் இந்தத் தெரு வழியா நடந்ததில்ல. நான் இந்தப் படியை மிதிக்கறதா இல்ல."

ஊர்ப் பேச்சுக்கு நான் பொறுப்பா என்றுதான் தோன்றியது. ஆனால் நடை கொஞ்சம் தளர்ந்துதான் பக்க அறைக்குத் திரும்பினேன்.

மாப்பிள்ளை நேராகப் படத்தின் முன் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் மண்டியிட்டார். சட்டத்தின் கீழ்விளிம்பை ஒட்டி இருண்டு கிடந்த இடத்துக்கு நேரே தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மாமா, குனிஞ்சு பாருங்க."

"இங்கேருந்தே சொல்லுங்க."

அவர் கைபேசியில் படம் எடுத்து நீட்டினார். பழுப்பு நிழல் கீழே வரவரப் பரபரவென்று நீளக் கோடுகளாகிச் சட்டென்று நின்றிருந்தது. அதற்குக் கீழே, சட்டத்தின் ஓரத்தில், வெறும் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. பெருவிரல்கள் சற்றே உள்பக்கம் திரும்பியிருந்தன. திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட குழந்தை, தன் கால் வெளியே தெரிவதை அறியாமல் நிற்குமே, அப்படி.

"இது பஞ்சு பூசினது இல்ல மாமா. அவ பலகையில உக்காந்து வேலை பாக்கறவ. அவ கண்ணுக்கு முதல்ல படறதே இந்தக் கால்தான். அதை அவளேதான் சுத்தம் பண்ணியிருக்கா. விட்டுடுவாளா? இது நின்னுக்கிட்டே பூசின ஆள். கோடு போடத் தெரியுது. எந்த வர்ணம்னு தெரியுது. எல்லாம் தெரிஞ்ச ஆளு. குனிய மட்டும்..."

முடிக்கவில்லை. எதற்கும் வேடிக்கை பேசுகிற மனிதர், எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் முதுகைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊரார் அதைக் கம்பீரம் என்பார்கள். மருத்துவர் அதற்கு நோய் என்று பெயர் வைத்திருக்கிறார். நடுவயதைத் தாண்டினால் எங்கள் குடும்பத்தில் முதுகெலும்பு கட்டைபோல் இறுகிவிடும். தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் அண்ணனுக்கும் இருக்கிறது. குனிய முடியாததைக் குனியாத குணம் என்று சொல்லிக்கொண்டே ஒரு பரம்பரையை ஓட்டிவிட்டோம். வெளியே வெயிலில் நிற்கும் அந்த அம்மாள், விழுந்த குடையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது திமிர் அல்ல. எங்கள் வீட்டு நோய் அது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எதிரில் நின்ற என் முதுகையே நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் வம்சாவளி அறையில் இருந்தார். சுவர் முழுக்க எங்கள் குடும்ப மரம். கிளை கிளையாகப் பெயர்கள். நான் கதவைச் சாத்தினேன். மாப்பிள்ளை வெளியிலேயே நின்றுகொண்டார். அந்த மரியாதை அவருக்கு உண்டு.

"அண்ணா, பையனோட கால் மறையல."

"எந்தக் கால்?"

"கீழே, சட்டத்துக்கிட்ட. ரெண்டு காலும் அப்படியே இருக்கு."

அவர் குடும்ப மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குனிய முடிஞ்சிருந்தா பாத்திருப்பேன்" என்றார்.

இத்தனை வருட வேலையில் எத்தனையோ ஒப்புதல்களைக் கேட்டிருக்கிறேன். ஒன்றிலும் நான் தலையைத் தாழ்த்தியதில்லை. என்னை ஏன் அழைத்தீர்கள் என்று கேட்டேன். வேறு துப்பறிவாளர் கிடைக்காமலா?

"நீ என் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். என்னைக் கெட்டிக்காரன் என்று அழைக்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க மாட்டேன் என்று நம்பி அழைத்திருக்கிறார். இன்று காலைவரை அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதுதான் என்னைக் குத்தியது.

தான் எதையும் அழிக்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத பகலில், பழைய வர்ணத்தின்மேல் முதலில் வார்னிஷ் கொடுத்து, அதன்மேல் தண்ணீர் வர்ணத்தில் கோடு கோடாகத்தான் போட்டாராம். ஈரப் பஞ்சு பட்டால் வந்துவிடும். நம் காலத்துக்குப் பிறகு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாராம். பொய்யை முறைப்படி செய்திருக்கிறார். தான் போதித்த பாடத்தில் ஒரு வரிகூடத் தவறவில்லை.

"அந்தப் பொண்ணைப் பொய்க்காரின்னு சொன்னீங்களே, அதுவும் ஈரப் பஞ்சு பட்டா வந்துடுமா?" என்றேன்.

நான் கொஞ்சம் தணிந்து, தாத்தா எவளோ ஒருத்தியை வைத்துக்கொண்டிருந்தார் என்றால் அது அவர் தப்பு, ஊரில் நடக்காததா, அதற்காகவா ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"போய்த் துடைச்சுப் பாரு. அப்புறம் வந்து பேசு."

பஞ்சு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். நானும் மாப்பிள்ளையும் பின்னால் நின்றோம். அவள் குச்சியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, உருட்டி உருட்டி எடுத்தாள். பழுப்பு நிறம் பஞ்சில் ஏற ஏற, படத்தில் ஒரு நெற்றி வந்தது. பிறகு கண்கள். இளம் பெண், படத்தில் இருந்த மற்றவர்களைப்போலவே விறைப்பாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு விரலால் காட்டினார். தாத்தாவின் சட்டைக் கையில் தொடங்கிய முடி போன்ற விரிசல் ஒன்று, அறுபடாமல் அந்தப் பெண்ணின் தோள்வழியாக ஓடி மறுபக்கம் இறங்கியது. இரண்டு பேரும் ஒரே நாளில் வரையப்பட்டு, ஒன்றாகவே மூப்படைந்திருக்கிறார்கள். பஞ்சுவின்மேல் இருந்த பழி அந்த ஒரு விரிசலில் போயிற்று.

அவள் வலது கைப்பக்கம் வந்தாள். துடைத்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சார், இந்தக் கையை நான் திறக்கவே இல்லையே."

திறந்திருந்தது. பழைய எண்ணெய்ப் பூச்சை யாரோ அவளுக்கு முன்பே, அவளைவிடச் சுத்தமாக நீக்கியிருந்தார்கள். முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். விரல்களில் ஒரு கரணை.

படத்தில் இப்போது ஆறு கணவர்கள், ஆறு மனைவிகள், ஆறு கரணைகள். கரணை பிடித்த கை அந்த வீட்டு மருமகளின் கை. பையன் எட்டு வயதுப் பையன் போல் இருந்தான். எங்கள் அப்பா பிறக்கவே இல்லாத காலம்; எங்கள் பாட்டி அந்த வீட்டுக்குள் காலே வைக்காத காலம்.

"கையில ஒண்ணும் இருக்கக் கூடாது, ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் திறந்தேன்."

அண்ணன் நிலைப்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை என்றார். முதன்முதலில் இவளை மறைத்தது தாத்தாதான். வேறு யாருக்கும் அந்தப் படத்தைத் தொட உரிமை இருக்கவில்லை. ஏன் அவளைப் பிள்ளையோடு அனுப்பினார் என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அவர் பூசியது எண்ணெய் வர்ணம். திரும்ப எடுக்கக்கூடாது என்றே பூசியது. பிறகு நம் பாட்டியைக் கொண்டுவந்து, இதுதான் முதல் கல்யாணம் என்று ஊரை நம்பவைத்தார்.

"இத்தனை நாளா அவங்களைப் பின்வாசல்னு சொன்னோம்" என்றார். "மூத்த வீடு அவங்களுது. பின்னால வந்தவங்க நாமதான் தம்பி."

பஞ்சு திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மாப்பிள்ளை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அன்று பாட நாள். பிள்ளைகளை வாசற்படியில் நிறுத்தி ஆறு கல்லின் கதையைச் சொல்வது எப்போதும் அண்ணன்தான். செயற்குழுவிடம் எல்லாவற்றையும் தானே சொல்வதாகவும், பாடத்தை இன்று வேறு யாராவது நடத்தட்டும் என்றும் அவர் முணுமுணுத்தார். வேண்டாம், நீங்களே நடத்துங்கள் என்றேன். செயற்குழு மூடிய அறையில் கூடும். பின்வாசல் என்ற பேச்சு மூடிய அறையில் பேசப்பட்டதல்ல. வாசலுக்குப் போகும் வழியில், அந்த அம்மாள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

பிள்ளைகள் படியைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், வெயிலில், அதே இடத்தில் அந்த அம்மாள். அண்ணன் முதல் கல்லைக் காட்டினார், இரண்டாவதைக் காட்டினார். குரல் வழக்கம்போல் கணீரென்று இருந்தது. ஐந்தாவதுவரை வந்தார். ஆறாவது கல்லில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவர் சிக்கிக்கொண்ட இடத்திலெல்லாம் நான் முந்திக்கொண்டு பேசியிருக்கிறேன். இம்முறை பேசவில்லை.

"ஆறாவது கல்லு எங்க தாத்தா வச்சதில்ல" என்றார். "அவரோட மனைவி வச்சது. அதோ நிக்கறாங்களே, அவங்களோட பாட்டி. இந்தக் கல்லு அவங்க வீட்டுக் கல்லு. அந்தப் பாட்டியோட பையனை இந்தப் படியில நிக்க வச்சு, அப்பா பேர் கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் இத்தனை வருஷமா உங்களை மாதிரிப் பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

பெண் குழந்தை ஒன்று கையை உயர்த்தியது.

"தெரிஞ்சா சொன்னீங்க, தெரியாமலா?"

அண்ணன் குழந்தையின் பக்கம் திரும்பினார்.

"முதல்ல தெரியாம. கடைசியா, தெரிஞ்சு."

குழந்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. அதற்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். ஆசிரியை பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போனார். அண்ணன் செயற்குழு அறைக்குப் போனார். நடை அதேதான், ஆனால் அதைக் கம்பீரம் என்று என்னால் இனிமேல் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாள் அசையவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். குடை மறுபடியும் விழுந்தது.

மாப்பிள்ளை என் பின்னால்தான் நின்றார். இம்முறை அவர் ஓடவில்லை.

நான் படி இறங்கினேன். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்கி, பிறகு மற்றதையும் மடக்கினேன். முதுகில் ஏதோ முறிவதுபோல் இருந்தது. குடையை எடுத்தேன். எழுவது அதைவிடக் கடினமாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தங்கச்சி என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. அந்த உரிமை நான் எடுத்துக்கொள்வதல்ல, அவர் கொடுப்பது. குடையை மட்டும் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ராத்திரிக்குப் பிடிச்சுக்கும்" என்றார். "வெந்நீர் ஒத்தடம் குடுங்க. எங்கப்பா அதான் பண்ணுவார்."

"எங்கப்பாவும் அதான் பண்ணுவார்" என்றேன்.